சட்டம் கேட்போம்: ஊர்வலமும் ஒலிபெருக்கியும் 1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்களிடமிருந்து சென்ற இதழுக்குப் பின்னர் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. கூட்டம் கூடவும், ஊர்வலம் போகவும், ஒலிபெருக்கி கட்டவும் யாரிடம் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதும், ஆங்கிலேயர் காலத்துச் சட்டங்களைத் திருத்த வேண்டும் என்று பேசப்படுகிறதே, அப்படித் திருத்தினால் நமக்கு என்ன மாறும் என்பதுமே அவற்றின் சாரம். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டு ஊர்கள் மட்டும் தரப்படுகின்றன.

கால்நடைப் பண்ணையாளர் சங்கச் செயலாளர், கிரான்

கேள்வி: ஐயா, மேய்ச்சல் தரைப் பிரச்சினை தொடர்பாகச் சந்தியிலிருந்து பிரதேச செயலகம் வரை ஊர்வலமாகச் சென்று மகஜர் கையளிக்கத் தீர்மானித்தோம். முதல் நாளே பொலிஸ் நிலையத்துக்குக் கடிதம் கொண்டுபோனோம். “அனுமதி தர முடியாது, முதலில் பிரதேச செயலாளரிடம் கடிதம் வாங்கி வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கே போனால், “அது பொலிஸாருடைய வேலை” என்கிறார்கள். சட்டப்படி நாங்கள் யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

பதில்: யாரிடமும் பெற வேண்டியதில்லை. 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச்சட்டத்தின் 77ஆம் பிரிவு, பொது இடத்தில் ஊர்வலம் நடத்துவோர் அது புறப்படுவதற்குக் குறைந்தது 6 மணித்தியாலங்களுக்கு முன்னர், புறப்படும் இடத்துக்கு அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று மட்டுமே கேட்கிறது. நீங்கள் முதல் நாளே கொடுக்கப் போயிருக்கிறீர்கள். அதை ஏற்றுப் பதிந்துகொள்வதுதான் நிலையத்தின் வேலை. பிரதேச செயலாளரின் கடிதம் என்றொரு நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை. ஓரிடத்தில் நின்று நடத்தும் கூட்டத்துக்கோ கவனயீர்ப்புக்கோ இந்த 6 மணித்தியால அறிவித்தல்கூட இல்லை. மைதானம் பிரதேச சபைக்குச் சொந்தமானால் சபையின் இணக்கமும், ஒலிபெருக்கி கட்டினால் அதற்கான அனுமதிப்பத்திரமும் போதும். தேர்தல் காலம் இதற்குப் புறம்பானது. அப்போது தேர்தல் சட்டமே ஊர்வலங்களைத் தடைசெய்து, மே தினத்துக்கும் சமய, சமூக ஊர்வலங்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கிறது.

ஆனால் 77ஆம் பிரிவு அத்துடன் நின்றுவிடவில்லை. பொது ஒழுங்கைப் பேணுவதற்கு உசிதமெனக் கருதினால், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஊர்வலத்தைத் தடுக்கலாம், அல்லது கொடி, பதாகை உட்பட எதற்கும் நிபந்தனை விதிக்கலாம் என்றும் அது சொல்கிறது. தடையை வாய்மொழியாகவே சொல்லிவிடலாம். உசிதம் என்பதற்கு ஓர் அளவுகோலோ, காரணத்தை எழுதித் தர வேண்டும் என்ற கடமையோ, ஊர்வல நேரத்துக்கு முன்னரே முறையிட ஒரு வழியோ அங்கே வைக்கப்படவில்லை. மேலதிகாரிக்கு உள்ள இந்த எல்லையற்ற அதிகாரத்தின் நிழலில்தான், அந்த அதிகாரம் இல்லாத நிலைய அதிகாரியும் தடுப்பவராகிவிடுகிறார். அறிவித்தலாகப் போன கடிதம் அவருடைய மேசையில் கிடந்து விண்ணப்பமாக மாறிவிடுகிறது. திருத்தப்பட வேண்டியவற்றில் முதலாவது எது என்று என்னைக் கேட்டால் இந்த உபபிரிவைத்தான் காட்டுவேன்.

அதுவரை செய்யக்கூடியது இது. கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதியும் நேரமும் முத்திரையும் பெறுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் காரியாலயத்துக்கும் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கும் பிரதி வையுங்கள். தடை என்று சொன்னால், சொல்பவர் எந்தத் தரத்து அதிகாரி, என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் இந்தக் கடதாசிகள் பிறகு பெறுமதியாகும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்க்கும் கடிதங்களில் பத்துக்கு எட்டு, “அனுமதி வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்” என்றே முடிகின்றன. கேட்டால் மறுக்கத்தான் செய்வார்கள். 77ஆம் பிரிவின்படி அறியத்தருகிறோம் என்று எழுதி, பாதையையும் நேரத்தையும் பொறுப்பாளரின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துவிட்டால் போதும்.

ஆசிரியை, காத்தான்குடி

கேள்வி: ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்று மாணவர்களுக்குப் படிப்பிக்கிறோம். அப்படியிருக்க, அதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய சட்டங்கள் எவ்வாறு இன்னும் செல்லுபடியாகின்றன? அவற்றை நீதிமன்றம் ஏன் நீக்கவில்லை?

பதில்: உங்கள் மாணவர்கள் 14ஆம் உறுப்புரையோடு 16ஆம் உறுப்புரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 14(1)(ஆ) ஒவ்வொரு பிரசைக்கும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரத்தைத் தருகிறது. 16(1) என்ன சொல்கிறதென்றால், 1978இல் நடைமுறையிலிருந்த எழுதப்பட்ட சட்டங்களும் எழுதப்படாத சட்டங்களும், அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்கு முரணாக இருந்தாலும், செல்லுபடியானவையாகவே தொடரும். இந்தியாவின் அரசியலமைப்பு நேரெதிரான வழியில் போனது. அதன் 13ஆம் உறுப்புரை, உரிமைகளுக்கு முரணான பழைய சட்டங்களை அந்த முரண்பாட்டின் அளவுக்கு வெறிதாக்கியது. நமது 80(3) உறுப்புரையோ, சபாநாயகரின் சான்றுரையைப் பெற்ற சட்டமொன்றைப் பின்னர் எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது. ஆகவே நமது நீதிபதிகள் பழைய சட்டமொன்றின் கீழ் அதிகாரி செய்த காரியத்தைக் கண்டிக்கலாம். அந்தச் சட்டத்தையே அகற்ற அவர்களுக்கு வழியில்லை.

உரிமம் வழங்கும் அதிகாரம் எப்படிப்பட்ட விளைவுகளைத் தரும் என்பதற்கு இலங்கை வரலாற்றில் கம்பளைப் பெரஹரா வழக்கைவிடப் பெரிய உதாரணம் இல்லை. பௌத்தர்கள் வழிபடும் கோயிலான வல்லஹாகொட தேவாலயத்தின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலொன்றைக் கடந்து செல்லும்போது வாத்தியங்களை நிறுத்த வேண்டும் என்று 1912இல் அரசாங்க அதிபரின் நிர்வாகம் நிபந்தனை விதித்தது. பொலிஸ் கட்டளைச்சட்டமும் உள்ளூர்ச் சபைகள் பற்றிய 1898ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு ஆதாரமாக்கப்பட்டன. தேவாலயத்தார், பௌத்த சமயத்தைப் பாதுகாப்பதாக ஆங்கிலேயர் உறுதியளித்த 1815ஆம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தத்தை எடுத்துக்காட்டி வழக்காடினர். 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் அவர்கள் வென்றனர். 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய வன்முறையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன; ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமானது. கலவரத்துக்கு இந்த வழக்கு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். வர்த்தகப் போட்டியும் பிரசாரமும் அதைவிடப் பெரிய காரணங்கள். ஆயினும் அயலவர் இரு பகுதியினர் தமக்குள் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விடயம், அனுமதிப்பத்திரம் யாருக்கு என்ற போட்டியாக மாறியபோது, ஒருவர் பெற்றதை மற்றவர் தன் தோல்வியாகவே கண்டார்.

எல்லாவற்றையும் ஆங்கிலேயர் தலையில் கட்டிவிடுவதும் நியாயமன்று. அவசரகால நிலைக்கும் ஊரடங்குக்கும் ஆதாரமான பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கமுடையது. அவ்வாண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் திகதி ஊர்வலத்தின்மீது பொலிஸார் சுட்டதில் அரசாங்க எழுதுவினைஞரான வி. கந்தசாமி உயிரிழந்தார், அதே மாதத்திலேயே அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. சுதந்திரத்துக்கு எட்டு மாதங்களே இருந்த நிலையில் அதை நிறைவேற்றிய அரசாங்க சபையில் பெரும்பான்மையாக அமர்ந்திருந்தவர்கள், மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த நம்மவர்கள்.

கூத்து அண்ணாவியார், ஆரையம்பதி

கேள்வி: எங்கள் கூத்து இரவில் களரிக்கு வந்தால் விடியும்போதுதான் மங்களம் பாடி முடியும். பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்கிறார்கள். மத்தளத்துக்கும் உரிமம் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா ஐயா?

பதில்: மத்தளத்தைப் பற்றி உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. நகரங்களில் இரவில் பறை, மேளம் அடிப்பதையும், குதிரைகள் வெருளக்கூடிய இசையை எழுப்புவதையும் உரிமத்துக்கு உட்படுத்தியது அந்த 1865ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமே. துரைமாரின் குதிரைவண்டிகள் போய்விட்டன. ஏட்டிலிருந்து அந்த ஏற்பாடு போகவில்லை. இன்று எந்தப் பொலிஸ் அதிகாரியும் குதிரையைக் காரணம் காட்டிக் கூத்தை நிறுத்தப்போவதில்லைதான். ஆனாலும் பயன்படாத அதிகாரம் ஒருநாள் வேண்டாத ஆள்மீது பயன்படும் என்பதால், அதை நீக்கிவிடுவதே சரி.

ஒலிபெருக்கி வேறு விடயம். அதே கட்டளைச்சட்டத்தின் 80ஆம் பிரிவின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வெலிகமைப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக அத்தகைய அனுமதி வழங்கக்கூடாது என்று கட்டளையிட்டது. விசேட சமய நிகழ்வுகளுக்கும் பிற நிகழ்வுகளுக்கும், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் சுற்றயலில் குடியிருப்போரின் கருத்தை அறிந்து, காரணத்தைப் பதிந்து, வரையறுத்த நேரத்துக்கு விலக்களிக்கலாம் என்று அதே கட்டளை இடம் வைத்திருக்கிறது. கூத்துக்காரர் நுழையக்கூடிய வாசல் அதுதான். அரங்கேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்னரே, கோயில் நிர்வாகியான வண்ணக்கரையும் கிராம சேவை உத்தியோகத்தரையும் கூட்டிச்சென்று அயல் வீடுகளில் கையொப்பம் வாங்கி, அதையும் இணைத்து விண்ணப்பித்தால், அதிகாரி மறுப்பது எளிதாக இராது.

பத்து மணி விதியையே எடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால், அதற்கு நான் உடன்பட மாட்டேன். வைகாசிச் சடங்கு, கந்தூரி, திருநாள், விளையாட்டுக் கழக இசை நிகழ்ச்சி என்று நம் கரையோர ஊர்களில் ஆண்டு முழுதும் ஏதோ ஒன்று முழங்கிக்கொண்டே இருக்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் அந்த எட்டு மணித்தியாலங்கள் வேண்டும். வட்டக்களரியைச் சுற்றிச் சனம் இருந்து பார்த்த காலத்தில் அண்ணாவியாரின் தொண்டையும் மத்தளமும் சல்லாரியுமே போதுமாயிருந்தன. விடியும்வரை ஆடுவதற்குத் தடையில்லை. ஊர் முழுக்கக் குழாய் கட்டுவதற்குத்தான் தடை.

ஒலி எழுப்புவதே குற்றமாகிவிடாது என்பதற்கு ஒரு நல்ல தீர்ப்பும் உண்டு. 1992 ஜூலை 1ஆம் திகதி நண்பகலில் எதிர்க்கட்சிகள் ஜன கோஷ என்ற பெயரில் மணியடித்தும், வாகன ஒலி எழுப்பியும், மேளம் கொட்டியும் கால் மணித்தியாலம் எதிர்ப்புத் தெரிவிக்க அழைத்தன. அதில் பொலிஸார் தலையிட்டதை எதிர்த்த அமரதுங்க எதிர் சிறிமல் வழக்கில், 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, அத்தகைய ஓசையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்துக்குள் அடங்கும் என்று தீர்த்தார். கொட்டுக்கு இந்நாட்டுச் சட்டத்தில் கிடைத்த மிகச்சிறந்த பாதுகாப்பு அது.

சிவில் சமூகச் செயற்பாட்டாளர், திருக்கோவில்

கேள்வி: நினைவேந்தல் நிகழ்வொன்றுக்கு முதல்நாள் இரவு என் வீட்டுக்கு வந்து நீதிமன்றத் தடையுத்தரவு ஒன்றைத் தந்தார்கள். எங்களை அழைக்காமல், கேட்காமல் நீதிமன்றம் எப்படித் தடை விதிக்கலாம்?

பதில்: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவு அதற்கு இடமளிக்கிறது. உடனடியாகத் தடுக்காவிட்டால் உயிருக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்து, அல்லது கலகம் நேரும் என்று நீதவான் கருதினால், அவசரத்தில் ஒருபக்க விளக்கத்தை மட்டும் கேட்டுக் கட்டளை பிறப்பிக்கலாம். பிரிவு அமைந்திருக்கும் இடத்தைப் பார்த்தால், பொதுத் தொல்லைகளை அவசரமாக அகற்றுவதற்கென்று எழுதப்பட்டது என்பது விளங்கும். அது நினைவுகூரல்களுக்கும் நடைபயணங்களுக்கும் எதிரான கருவியானது பிற்காலத்து வழக்கம். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் புறப்பட்டு 7ஆம் திகதி பொலிகண்டியில் முடிந்த நடைபயணத்துக்கு எதிராகவும், பொலிஸார் பாதைநெடுகிலும் இத்தகைய கட்டளைகளைத் தேடினர். நடந்தவர்களில் பலர் பிறகு விசாரணைகளுக்கு அலைந்தனர்.

கட்டளை 14 நாள்களுக்குமேல் நிலைக்காது. விசேட சந்தர்ப்பங்களில் மட்டும் அமைச்சர் வர்த்தமானி மூலம் அதை நீடிக்கலாம். அதற்குள் அதே நீதவானிடம் நகர்த்தல் பத்திரம் (motion) மூலம் சென்று, கட்டளையை மாற்றவோ மீளப்பெறவோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சட்டத்தரணி ஒருவரை முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொண்டு, பொலிஸாரின் அறிக்கையில் எந்தச் சம்பவம், எந்தத் திகதி, எந்த ஆபத்து என்று என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். வெறும் ஊகமாக இருந்தால் அதையே நீதவானுக்குச் சுட்டிக்காட்டலாம். ஒரே மாதிரியான பொலிஸ் கோரிக்கையை ஒரு நீதவான் ஏற்க, வேறோர் ஊரில் மற்றொருவர் நிராகரித்ததும் உண்டு. கிழக்கு மாகாணத்தில் நீதிமன்றங்களின் மொழியாகத் தமிழும் இருப்பதால், கட்டளை உங்களுக்கு விளங்காத மொழியில் வந்தால் தமிழ்ப் பிரதி கேட்கத் தயங்க வேண்டாம். முதல்நாள் இரவில் சேர்ப்பிப்பதுதான் இதிலுள்ள பெரிய தந்திரம். அந்நேரத்தில் எந்த நீதிமன்றமும் திறந்திருப்பதில்லை. நிகழ்வு நாளுக்குக் குறைந்தது இரண்டு வேலைநாள்களுக்கு முன்னர் சேர்ப்பிக்கப்படாத கட்டளை பிணிக்காது என்று ஒரு வரி 106ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டால், பாதித் துயரம் குறையும்.

இளைஞர் ஒருவர், பாண்டிருப்பு

கேள்வி: ஐந்து பேருக்குமேல் கூடி நின்றால் சட்டவிரோதக் கூட்டம் என்று சந்தியில் எங்களைக் கலைத்தார்கள். சரியா?

பதில்: எண்ணிக்கை மட்டும் போதாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 138ஆம் பிரிவு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோரைக் குறிப்பிடுவது உண்மைதான். அவர்களுடைய பொது நோக்கம் பலாத்காரம், குற்றச்செயல் போன்ற, அப்பிரிவு எண்ணிச்சொல்லும் நோக்கங்களில் ஒன்றாக இருந்தாலே அது குற்றமாகும். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்பது அந்த நிரலில் இல்லை. எனினும், பொதுச் சமாதானம் குலையக்கூடும் என்று தோன்றும் ஐவர் கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்ல, பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரிக்கு நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 95ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கலைத்தவரின் தரம் என்ன என்று பணிவாகக் கேட்கலாம்.

வாசகர், ஓட்டமாவடி

கேள்வி: பொலிஸ் ஊரடங்கு என்று ஒன்று சட்டத்தில் உண்டா?

பதில்: இல்லை. ஊரடங்கு பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழோ, அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழோ சனாதிபதியின் கட்டளையால்தான் வரும். 2022 ஜூலை 8ஆம் திகதி இரவு, மறுநாள் நடக்கவிருந்த பெரும் போராட்டத்துக்கு முன்பாக, மேல் மாகாணத்தில் பொலிஸ் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அதற்குச் சட்ட ஆதாரமில்லை என்று இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கம் சுட்டிக்காட்டியது. மறுநாள் காலையில் அது நீக்கப்பட்டது. 2020இல் கொரோனாக் காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. அப்போது ஆயிரக்கணக்கானோர் கைதான பின்னரும் அதற்கு நேரான விடை தரப்படவில்லை.

அழகியற் கற்கைகள் மாணவி, கல்லடி

கேள்வி: தெருவெளி நாடகம் போடுவதற்கும் பிரதியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா?

பதில்: பகிரங்க ஆற்றுகைகள் பற்றிய 1912ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் நாடகப் பிரதிகளை முன்கூட்டியே பார்வையிடும் சபையொன்றுக்கு ஆதாரமாக இருக்கிறது. மேடையேற்றுவோர் அதன் சான்றிதழைக் கேட்கும் மண்டபக்காரரிடமும் பொலிஸாரிடமும் மாட்டிக்கொள்வதுண்டு. மற்றச் சட்டங்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று வாதிடும் நான், இந்த ஒன்றை மட்டும் எந்த மாற்றும் இல்லாமல் நீக்கிவிடலாம் என்பேன். அவதூறுக்கும் வெறுப்புப் பேச்சுக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன. ஆடுமுன் வாசித்துப் பார்க்க ஒரு சபை எதற்கு?

வர்த்தகர், கல்முனை

கேள்வி: 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் உணவுக்கடையும் பள்ளிவாசலும் அடித்து நொறுக்கப்பட்டன. பொலிஸாருக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தே அந்தக் கதி. அந்த அதிகாரத்தையும் குறைத்துவிட்டால் எங்களைப் போன்ற சிறுபான்மையினரை யார் காப்பாற்றுவது?

பதில்: இம்முறை வந்த கேள்விகளில் மிகவும் கடினமானது உங்களுடையது. உணவில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்ற பொய்யை நம்பி 26ஆம் திகதி இரவு கூடியவர்கள், 138ஆம் பிரிவு சொல்லும் சட்டவிரோதக் கூட்டத்தின் எல்லா இலக்கணங்களும் பொருந்தியவர்கள். அவர்களைக் கலைக்க 95ஆம் பிரிவு இருந்தது. வெறுப்பைத் தூண்டியவர்களுக்கு எதிராக, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசப் பொருத்தனைச் சட்டம் (ICCPR) எனப்படும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. அடுத்த வாரமே கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டு, மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. குறைவாக இருந்தது அதிகாரமன்று. அதைச் செலுத்த வேண்டிய கடமை. வன்முறைக் கும்பலைத் தடுக்க அன்று பயன்படாத அதே 2007ஆம் ஆண்டுச் சட்டம், 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமாரவைச் சிறையிலடைக்கப் பயன்பட்டது.

பழைய சட்டங்கள் எல்லாம் “செய்யலாம்” என்று எழுதப்பட்டவை. அதிகாரி தடுக்கலாம், கலைக்கலாம், நிபந்தனை விதிக்கலாம். அமைதியாகக் கூடுவோரைப் பாதுகாத்தல் வேண்டும் என்றோ, தாக்கப்படும் வழிபாட்டிடத்துக்கு உடனே போதல் வேண்டும் என்றோ, தவறினால் எழுத்தில் காரணம் காட்டுதல் வேண்டும் என்றோ அவை சொல்வதில்லை. ஆகையால் அதிகாரம் இலகுவான பக்கமே பாய்கிறது. எதிர்ப்பாளர் வந்து குழப்புவார்கள் என்றால், குழப்புபவரைத் தடுப்பதைவிடக் கூட்டத்தை நடத்துபவரைத் தடுப்பது சுலபம். ஆங்கிலேயர் தம் நாட்டில் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரட்சணிய சேனை (Salvation Army) என்ற கிறிஸ்தவ அமைப்பினரின் ஊர்வலத்தை எலும்புக்கூட்டுப் படை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு கூட்டம் தாக்கிவந்தபோது, 1882இல் பீட்டி எதிர் கில்பாங்ஸ் வழக்கில், பிறர் குழப்பம் செய்வார்கள் என்பதற்காக அமைதியாகச் செல்வோரின் கூட்டம் சட்டவிரோதமாகிவிடாது என்று அங்குள்ள நீதிமன்றம் தீர்த்தது. அடுத்த ஆண்டே இங்கே தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அந்த நீதி அத்துடன் கப்பலேறி வரவில்லை. புதிய சட்டம் வருமானால், பொலிஸாரின் பாதுகாக்கும் கடமையை அதன் முதல் பிரிவாக எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. உங்களுக்குப் பாதுகாப்பு அதிலிருந்துதான் வரும்.

சட்டக்கல்லூரி மாணவர், வாழைச்சேனை

கேள்வி: மற்ற நாடுகள் இத்தகைய சட்டங்களை எவ்வாறு மாற்றின? இங்கே செய்வதற்கு என்ன தடை?

பதில்: பெயரை மாற்றுவது மாற்றமாகாது என்பதற்கு இந்தியா உதாரணம். 2024 ஜூலை 1 முதல் அங்கே குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கூட்டம் கூடுவதைத் தடுக்கப் பயன்படும், ஊரெங்கும் அறியப்பட்ட 144 தடை 163ஆம் பிரிவாகியது, அதிகாரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. கானாவில் 1993இல் உச்ச நீதிமன்றம், கூட்டத்துக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்ற ஏற்பாட்டையே அரசியலமைப்புக்கு முரணானதென்று தள்ளியது. மறு ஆண்டு வந்த சட்டம் ஐந்து நாள் அறிவித்தலோடு நிறுத்திக்கொண்டது. பொலிஸாருக்கு ஆட்சேபம் இருந்தால், நீதிமன்றத்துக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள்தான். மலேசியா 2012இல் உரிம முறையைக் கைவிட்டு அறிவித்தல் முறைக்கு வந்தது. அறிவித்தல் கொடுக்கத் தவறியதைக் குற்றமாக்கிய பிரிவும் செல்லாது என்று அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் 2025இல் தீர்த்தது.

நமது 6 மணித்தியால அறிவித்தல் இவற்றோடு ஒப்பிட்டால் கடுமையானதே அல்ல. பிரித்தானியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம் ஆறு முழு நாள்கள் கேட்கிறது. ஆகவே 6ஐக் கூட்ட வேண்டும் என்று எவரேனும் திருத்தமாகக் கொண்டுவந்தால் எதிர்க்க வேண்டும். மாற்ற வேண்டியது அதற்கு அடுத்து வரும் தடை அதிகாரம். கானாவைப் போல, தடை வேண்டுமென்றால் பொலிஸார் நீதவானிடம் சென்று இருபக்க விளக்கத்தோடு பெறட்டும் என்று எழுதினால் போதும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பொலிஸையும் பொது ஒழுங்கையும் மாகாண சபைப் பட்டியலில் சேர்த்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அந்த அதிகாரம் கிழக்கு மாகாண சபைக்குக் கைக்கு வரவில்லை என்பதால், இதை நாடாளுமன்றமே செய்ய வேண்டும்.

அதற்கு என்ன பெரும்பான்மை வேண்டும் என்பதில் பலருக்கு மயக்கம் இருக்கிறது. பொலிஸ் கட்டளைச்சட்டம், நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 1912ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஆகிய மூன்றையும் சாதாரண பெரும்பான்மையால் திருத்தலாம். 16ஆம் உறுப்புரையை நீக்க மூன்றில் இரண்டு, அதாவது 225இல் 150 வாக்குகள் வேண்டும்; மக்கள் வாக்கெடுப்பின்றி மாற்ற முடியாதவை என்று 83ஆம் உறுப்புரை காப்பிட்ட பட்டியலில் அது இல்லாததால் சர்வசன வாக்கெடுப்பு தேவைப்படாது. 2024 நவம்பர் பொதுத்தேர்தலில் தேசிய மக்கள் சக்தி பெற்ற ஆசனங்கள் 159.